பைபாஸுக்குப் பிறகு குடி: "எனக்கு மனதிடமே இல்லையா டாக்டர்?"

கேள்வி: எனக்கு வயது 42. மூன்று வருடத்துக்கு முன் எடை குறைப்புக்காக கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டேன். அப்போது 118 கிலோ, இப்போது 73. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மாடிப்படி மூச்சிரைக்காமல் ஏறுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பேன், அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து முதல் வருடம் தொடவே இல்லை. பிறகு ஒரு விருந்தில் ஒரு கிளாஸ் குடித்தேன். ஐந்தே நிமிடத்தில் உடம்பு லேசாகி மிதப்பது போல இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதுவரை நான் கண்டதில்லை. இப்போது ஒன்றரை வருடமாகத் தினமும் இரவில், மகள் தூங்கிய பிறகு குடிக்கிறேன். கணவருக்கு இரவு ஷிப்ட், அவருக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்ததும் தண்ணீர் அளந்து குடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் கொடுத்தார்கள், 30 மில்லி. அதில்தான் பிராந்தியை அளக்கிறேன். ஒரு கப்பில் தொடங்கியது இன்று ஆறு கப். போன மாதத்திலிருந்து காலையில் கை நடுங்குகிறது, ஒரு கப் குடித்தால் நிற்கிறது. விட்டமின் மாத்திரைகளை விட்டு நாலைந்து மாதம் ஆகிறது. சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடியைப் பிடித்துக்கொண்டேனே, எனக்கு மனதிடமே இல்லையா? சர்ஜனிடம் சொன்னால், "இவளுக்குப் போய் ஆபரேஷன் செய்தோமே" என்று நினைக்கமாட்டாரா? யாருக்கும் தெரியாமல் நாளையிலிருந்தே நிறுத்திவிடட்டுமா? இல்லை, ஒரே கப்போடு நிறுத்திக்கொள்ளலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நாளையிலிருந்தே நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தனியாக, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். குடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கை நடுங்குவதும், ஒரு கப் உள்ளே போனதும் அது அடங்குவதும் எதைக் காட்டுகிறது தெரியுமா? உங்கள் நரம்புகள் மதுவை எதிர்பார்க்கப் பழகிவிட்டன. இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகப் போவதும் உண்டு. எல்லோருக்கும் வராது. உங்களுக்கு வருமா வராதா என்பதை வீட்டில் தனியாக இருந்து சோதித்துப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

இன்றோ நாளையோ ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள், இரவில் தனியாக இருக்காதீர்கள். நடுக்கம் அதிகமானாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறி ஆள் தடுமாறினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மேற்பார்வையில் நிறுத்தினால் சில நாட்களுக்கு நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்போம். பலருக்கு ஒரு வாரத்தில் இந்தக் கட்டம் தாண்டிவிடும்.

அடுத்து, விட்டமின் மாத்திரையை விட்டதாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். தையமின் என்கிற விட்டமின் பி1-ஐ நம் உடம்பால் நிறைய சேமித்து வைக்க முடியாது. உள்ளே போவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு கரைந்துவிடும். பைபாஸ் செய்தவர் சாப்பிடுவதே கொஞ்சம், அதில் குடலில் சேர்வது இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் மது சேரவிடாமல் தடுக்கிறது. தையமின் ஒரேயடியாகக் குறைந்தால் மூளை பாதிக்கப்படும். நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும் அல்லது கண்மணி ஆடும், பேச்சில் குழப்பம் வரும். மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பார்க்கிறவர்களுக்கு இது அப்படியே குடிபோதை போலத்தான் தெரியும். "போதையில் இருக்கிறாள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவார்கள். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். வேளையோடு ஊசியாகக் கொடுத்தால் காப்பாற்றலாம்.

அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "எனக்கு எடை குறைப்புக்கான கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆகியிருக்கிறது, நான் தினமும் குடிக்கிறேன்" என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்டதும் தையமின் ஊசி அவர்கள் நினைவுக்கு வர வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்போ கூடவோ தையமின் போக வேண்டும். உங்கள் குடல் இருக்கும் நிலையில் விட்ட மாத்திரையை மறுபடி விழுங்கத் தொடங்கினால் மட்டும் இப்போதைக்குப் போதாது.

சரி, இனி மனதிடத்துக்கு வருவோம்.

நீங்கள் பிராந்தி அளக்கும் அந்த 30 மில்லி கப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை நாளில் உங்களுக்கு விட்டுவைத்த இரைப்பைப் பையின் அளவும் ஏறக்குறைய அதுதான். ஒரு முட்டை அளவு. பழைய இரைப்பை பெரிய தொட்டி மாதிரி. உள்ளே போனதைப் பிடித்து வைத்து, கலக்கி, கீழ்வாயில் உள்ள வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும். மதுவும் அப்படித்தான் மெல்ல மெல்ல ரத்தத்தில் சேரும். அதில் ஒரு சிறு பங்கை இரைப்பையே உடைத்தும்விடும். பைபாஸில் அந்தத் தொட்டியையும் வால்வையும் ஒதுக்கிவிட்டு, சின்னப் பையை நேராகச் சிறுகுடலோடு தைத்துவிடுகிறோம். மதுவை மிக வேகமாக உறிஞ்சும் இடம் சிறுகுடல்தான். அதனால் குடித்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்துக்கு ஏறிவிடும், அந்த உச்சமும் முன்பைவிட மிக உயரமாக இருக்கும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெண்களிடம் இதை அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். பைபாஸ் ஆனவர்கள் இரண்டு கிளாஸ் குடித்தால், அறுவைக்கு முன் நான்கு கிளாஸ் குடித்த அளவுக்கு ரத்தத்தில் ஏறுகிறது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் போலாக்கும் ஸ்லீவ் அறுவை செய்தவர்களிடமும் இதே மாதிரி பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருக்கிறது.

அப்படியானால் விருந்தில் நீங்கள் குடித்தது ஒரு கிளாஸ், உங்கள் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கணக்கு. ஐந்து நிமிடத்தில் வந்த அந்த மிதப்பு உங்கள் கற்பனையும் இல்லை, பலவீனமும் இல்லை. ஒரு போதைப்பொருள் எவ்வளவு வேகமாக மூளையைத் தொடுகிறதோ, மூளை அதை அவ்வளவு அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே நிக்கோட்டின்தான், சிகரெட்டாகப் புகைத்தால் விட முடிவதில்லை. தோலில் ஒட்டும் பட்டையாக வந்தால் யாரும் அதற்கு ஏங்கிக் கிடப்பதில்லை. வேகம்தான் வித்தியாசம். நாங்கள் செய்த அறுவை உங்கள் உடம்புக்குள் மதுவுக்கு ஒரு குறுக்குவழி போட்டுவிட்டது.

"சாப்பாட்டை விட்டுக் குடியைப் பிடித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விளக்கத்தை நானும் ஒரு காலத்தில் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வுகள் அதற்கு அவ்வளவாகத் துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2012-ல் வந்த அந்த அறிக்கையில், அறுவைக்கு முன் கட்டுமீறிச் சாப்பிடும் பழக்கம் இருந்தவர்களுக்குத்தான் குடிப் பிரச்சினை வருகிறது என்று தெரியவில்லை. ஆணாக இருப்பது, இளம் வயது, புகைபிடிப்பது, முன்பே வழக்கமாகக் குடிப்பது, நமக்கென்று ஆட்கள் இல்லை என்ற உணர்வு, இவைதான் ஆபத்தைக் கூட்டின. பைபாஸ் செய்த எலிகளிடமும் சோதித்திருக்கிறார்கள். மதுவை வயிற்றின் பக்கமே போகாமல் நேராக ரத்தக்குழாயில் கொடுத்தபோதுகூட, அறுவை ஆன எலிகள் அதிகம் கேட்டன. ஆக, குடலில் உறிஞ்சும் வேகத்தோடு விஷயம் முடியவில்லை. பசியையும் திருப்தியையும் மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் மாறும்போது மூளையிலும் ஏதோ மாறுகிறது. அந்த எலிகளிடம் போய் மனதிடம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தப் பிரச்சினை எப்போது தலைகாட்டுகிறது என்பதையும் பாருங்கள். பத்து மருத்துவமனைகளில் நடந்த அந்த அமெரிக்க ஆய்வில், அறுவைக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம் பேருக்குக் குடிப் பிரச்சினை இருந்தது, அறுவைக்குப் பிந்தைய முதல் வருடம் 7.3 சதவீதம். பெரிதாக மாற்றமில்லை. இரண்டாம் வருடம் 9.6 ஆக ஏறியது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியிட்டபோது, முன்பு பிரச்சினை இல்லாமல் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் குடிப் பிரச்சினையின் அறிகுறிகள் புதிதாக வந்திருந்தன. ஐந்தில் ஒருவர்! முதல் வருடம் மாதாமாதம் டயட்டீஷியன், ரத்தப் பரிசோதனை, எடை பார்ப்பது என்று எல்லோரும் சுற்றி நிற்கிறோம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வருடத்துக்கு ஒரு முறை என்று குறைந்துபோகிறது. நாங்கள் பார்ப்பதை நிறுத்தும் நேரத்தில்தான் இது வருகிறது.

ஸ்லீவ் செய்துகொண்ட ஒருவர் நான்கு வருடம் கழித்து என்னிடம் வந்தார். கையில் ஒரு நோட்டு. தேதி, எடை, புரதம் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி என்று ஆஸ்பத்திரியில் கோடு போட்டுக் கொடுத்தது. ஒரு நாள் விடாமல் நிரப்பியிருந்தார். கடைசி ஒரு வருடம் தினமும் அரை பாட்டில் குடித்திருக்கிறார். நோட்டில் ஒரு வரி இல்லை. "எழுத இடம் இல்லையே டாக்டர்" என்றார். அவர் சமாளிப்பதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தை நாங்கள் போட்டிருக்க வேண்டும். உங்களிடமும் அறுவைக்கு முன் யாராவது உட்கார்ந்து இதைப் பேசினார்களா என்று தெரியவில்லை. பேசியிருந்தால்கூட, எப்போதாவது ஒயின் குடிக்கிற உங்களுக்கு அது யாருக்கோ சொல்லும் எச்சரிக்கையாகத்தான் பட்டிருக்கும்.

அதனால் சர்ஜன் என்ன நினைப்பாரோ என்று நீங்கள் கூசவேண்டியதில்லை. இது அந்த அறுவையின் அறிந்த பின்விளைவுகளில் ஒன்று. தையல் போட்ட இடத்தில் புண் வந்தால் அவரிடம் சொல்ல வெட்கப்படுவீர்களா? சொல்லப்போனால் அந்தப் புண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. குடலைத் தைத்த இடத்தில் வரும் புண்ணை மது மோசமாக்கும். காலைத் தலைவலிக்கு ஐபுபுரோஃபன் மாதிரி மாத்திரை போட்டால் இன்னும் மோசம். அந்த வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகவே ஆகாது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே ஓடுங்கள்.

பேச வார்த்தை வராது என்று தெரியும். அதனால் நானே எழுதித் தருகிறேன், அப்படியே படித்துவிடுங்கள்: "எனக்கு எடை குறைப்புக்கான கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆகி மூன்று வருடம். ஒன்றரை வருடமாகத் தினமும் இரவில் குடிக்கிறேன், இப்போது 180 மில்லி பிராந்தி. காலையில் கை நடுங்குகிறது. நாலைந்து மாதமாக விட்டமின் எடுக்கவில்லை. எனக்கு உதவி வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. சர்ஜனிடம் சொல்ல முடியவில்லையா, மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், பொது மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரோ ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவரிடம் போங்கள். கேட்ட மாத்திரத்தில் நோயாளியைக் குற்றவாளி போலப் பார்க்கிற மருத்துவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய குறை.

குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் என்று ஒன்று, குடித்தால் வரும் அந்தச் சுகத்தை மழுங்கடிக்கும். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குவோம். மார்ஃபின் வகை வலி மாத்திரை எடுப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டோம். அகாம்ப்ரோசேட் என்று இன்னொன்று, அதற்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் பைபாஸ் ஆன குடலில் சரியாகச் சேராமல் போகலாம், அதனால் எந்த மருந்து, எந்த வடிவில் என்பதை உங்கள் அறுவை விவரத்தைத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். டைசல்ஃபிராம் என்கிற மாத்திரை வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று ஆளையே புரட்டிப்போடும். மது இவ்வளவு வேகமாக ஏறும் உடம்பில் அதை நான் முதல் மருந்தாக யோசிக்க மாட்டேன். வீட்டில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்துத் திருத்தலாம் என்று நினைத்தால் அது உயிரோடு விளையாடுவது. இந்த வரியை அவர்களிடம் காட்டுங்கள்.

ஒரே கப்போடு நிறுத்திக்கொள்ளலாமா என்றால், முடியாது என்பதுதான் என் பதில். சிலருக்குக் குறைத்துக்கொள்ளும் வழி ஒத்துவரும். ஆனால் பைபாஸ் ஆகி, தினசரிப் பழக்கமாகி, காலை நடுக்கமும் வந்த ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கப்பிலிருந்துதான் ஆறு வந்தது. மேற்பார்வையில் நின்ற பிறகு முழுதாகவே விலகி இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இன்னொரு காரணமும் இருக்கிறது. பைபாஸ் ஆன சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து, சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கும். மது கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க விடாமல் தடுக்கும். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் மயக்கம், வியர்வை, உளறல். அதையும் போதை என்றே நினைத்துவிடுவார்கள்.

இரவு பத்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் தூங்கிவிட்டாள், கணவர் வேலைக்குப் போய்விட்டார், வீடு அமைதியாக இருக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? என் கணிப்பு சரியென்றால், ஏதாவது சாப்பிடுவீர்கள். உணவுப் போதை மதுப் போதையாக மாறியது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வெறுமையாகக் கிடந்தது உண்மை. 45 கிலோ குறைந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பீர்கள். எடை போனது, தனிமை அப்படியே இருந்தது. முதல் சில வாரம் அந்த நேரத்தில் யாராவது வீட்டில் இருக்கட்டும், பாட்டில் வீட்டில் இருக்கவே கூடாது. குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் குழுக்கள் தொலைபேசியிலும் இணையவழியிலும் நடக்கின்றன, இரவு நேரத்திலும் நடப்பவை உண்டு. அதில் கேமராவை மூடிவைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். மனம் ரொம்பவும் கீழே போய், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அதை மறைக்காதீர்கள். எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு அப்படித் தோன்றுவது சிலருக்கு நடக்கிறது, குடியும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கணவரிடம் சொல்வதை என்னால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் முதல் நான்கைந்து இரவு யாராவது அருகில் இருந்தே ஆக வேண்டும். அவர் விடுப்பு எடுக்க முடிந்தால் அதைவிட நல்லது எது? அவர் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஐயா, "எப்போதிலிருந்து, ஏன் மறைத்தாய்" என்ற விசாரணையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் உங்கள் மனைவிக்கு வேளைக்கு மாத்திரையும், தூக்கமும், நீங்கள் பக்கத்தில் இருப்பதும்தான் வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைகள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும் கொண்டுபோங்கள். அந்த 30 மில்லி கப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "எவ்வளவு குடிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டால், அதை எடுத்து மேசைமேல் வைத்து "இதில் ஆறு" என்று மட்டும் சொல்லுங்கள்.